அன்பு இல்லாமல் கொடுக்கிற கஞ்சி

கடுகுவிதை
செவ்வாய், இரவு 10.40

கர்த்தருக்குள் அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரம். பல மாதங்களாக இங்கே மற்றவர்கள் எழுதுவதை வாசிப்பதோடு சரி. இன்று நானே ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்களுக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டுப் பக்கம் ஒரு கிராமம். 1988-ல் அப்பா இறந்தபோது எனக்கு 11 வயது, தம்பிக்கு 6. அடக்க ஆராதனை முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெரியம்மா எங்கள் பெட்டி படுக்கைகளை முற்றத்தில் எடுத்துப் போட்டுவிட்டார். பெரியப்பா திண்ணையில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். மழைக்காலம். அம்மா எங்களை இரண்டு தெரு தள்ளி ஓர் ஓலைக்குடிசைக்கு அழைத்துப் போனார். பனையோலைப் பெட்டி முடைந்தே எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். ஓலை அறுத்து அறுத்து அம்மாவின் விரல் நுனிகளில் ரேகையே இல்லாமல் போயிருந்தது. அம்மா கண் மூடும்வரை பெரியம்மாவைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. நான் சொல்லியிருக்கிறேன், மனதுக்குள், ஓயாமல்.

இப்போது பெரியம்மாவுக்கு 81 வயது. தை மாதம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பெரியப்பா எப்போதோ போய்விட்டார். மகன்களில் ஒருவர் மஸ்கட்டில், இன்னொருவர் சென்னையில். பணம் அனுப்புகிறார்கள். பார்த்துக்கொள்ள வந்த மூன்று பெண்கள் இரண்டே மாதத்தில் போய்விட்டார்கள். அவருடைய வாய் அப்படி. கடைசியில் எங்கள் சேகரத்துப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் முறை வைத்து உணவு கொண்டுபோவது என்று முடிவாயிற்று. செவ்வாயும் வெள்ளியும் என் முறை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. பெயர் எழுதிக்கொண்டு வந்த அக்கா என்னைப் பார்த்துத் தயங்கியபோது, நானே "என் பெயரையும் எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

இன்று கஞ்சி கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "உன் அம்மா கை மாதிரியே, உப்பும் இல்லை உறைப்பும் இல்லை" என்றார். இரண்டாவது வாயில் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். தரையைத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். வழியெல்லாம் ஒரே வசனம்தான் என்னைக் குத்தியது: "எனக்கு உண்டான யாவற்றையும் நான் அன்னதானம்பண்ணினாலும்... அன்பு எனக்கிராவிட்டால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை."

எனக்கு அவர்மீது அன்பு இல்லை. துளிகூட இல்லை. அப்படியானால் நான் செய்வது வேஷமா? அயலாரோடு ஒப்புரவாய் இருக்கிறவர்களைத்தானே எங்கள் சேகரகுரு ஐயர் அப்பமும் ரசமும் பெறத் திருவிருந்துக்கு அழைக்கிறார்? மூன்று மாதமாக அந்த நேரத்தில் எனக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை.


பழைய உபதேசியார்
புதன், காலை 5.15

மகளே, 1 கொரிந்தியர் 13-ல் மூன்றாம் வசனத்தில் நின்றுவிட்டாய். நான்காவதுக்கும் வா. "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது" என்று நம் வேதத்தில் வாசிக்கும்போது, யாரோ ஒரு நல்லவருடைய குணத்தை வருணிப்பது போலக் காதில் விழுகிறது. பவுல் எழுதிய கிரேக்கத்தில் அந்த வரிசை முழுவதும் வினைச்சொற்கள். அன்பு பொறுக்கிறது, தயவு செய்கிறது, பொறாமை கொள்ளாமல் இருக்கிறது, தாங்குகிறது. உள்ளம் உருகுவதைப் பற்றி அந்த வரிசையில் ஒரு சொல்கூட இல்லை. கொரிந்து சபையில் என் வரம் பெரிது, உன் வரம் பெரிது என்று போட்டி. தன் பெருமைக்காக அள்ளிக் கொடுக்கிறவனுக்குத்தான் மூன்றாம் வசனம். தரையைத் துடைத்துவிட்டு ஒருவரிடமும் சொல்லாமல் வீடு திரும்பியவளுக்கு அதில் என்ன குற்றச்சாட்டு?

தமஸ்குவில் அனனியாவை நினைத்துப்பார். பின்னாளில் பவுலான சவுல் எப்படிப்பட்டவன் என்று அவனுக்குத் தெரியும். எருசலேமில் அவன் செய்த பொல்லாங்கை எல்லாம் கர்த்தரிடமே எடுத்துச் சொல்லி வாதாடுகிறான். பிறகு நேர்த்தெருவுக்குப் போகிறான், தன்னைக் கட்டிக்கொண்டு போக வந்தவன்மேல் கைகளை வைக்கிறான், "சகோதரனாகிய சவுலே" என்கிறான். வீட்டுக்குள் நுழையும்போது அவனுக்குள் அச்சம் தீர்ந்திருந்ததா, கசப்பு ஆறியிருந்ததா என்று வேதம் சொல்லவில்லை. கை வைத்ததையும் உறவு சொல்லி அழைத்ததையும் மட்டும் சொல்கிறது.

ஒன்று கேட்கிறேன். உன் பதிவு முழுக்கப் பெரியம்மா, பெரியம்மா என்றே எழுதியிருக்கிறாய். நேரில் அவரை எப்படி அழைக்கிறாய்?


கடுகுவிதை
புதன், காலை 6.02

ஐயா, நேரில் எதுவும் சொல்லி அழைப்பதில்லை. கதவைத் தட்டுவேன். "சாப்பாடு" என்பேன். அவ்வளவுதான். நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்துப் பார்க்கிறேன். அந்த முற்றத்தை விட்டு வெளியே வந்த நாளுக்குப் பிறகு அந்தச் சொல் என் வாயில் வந்ததே இல்லை.


தாமிரபரணிக் கரை
புதன், காலை 9.30

உபதேசியார் ஐயாமீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இந்த விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை.

அந்த அம்மா இன்றுவரை மன்னிப்புக் கேட்டாரா? ஒரு விதவையையும் இரண்டு பிள்ளைகளையும் மழையில் நிறுத்தினார். வேதம் முழுவதும் விதவைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் அநியாயம் செய்கிறவர்களைத்தான் கர்த்தர் கடுமையாகக் கண்டிக்கிறார். அந்தப் பகுதியை மடித்து வைத்துவிட்டு, பாதிக்கப்பட்டவளைப் பார்த்து மட்டும் "அன்பு காட்டு" என்று சொல்வது எந்த நியாயம்? நம் சபைகளில் இது எப்போதும் ஒருவழிப் பாதையாகவே இருக்கிறது. இளைத்தவர்தான் பொறுக்க வேண்டும், வலுத்தவருக்கு யாரும் போதிப்பதில்லை.

இன்னொன்று. பெற்ற மகன்கள் இருவர் இருக்கும்போது இந்தப் பாரம் ஏன் சகோதரியின் தோளுக்கு வருகிறது? பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-லேயே வந்துவிட்டது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். முதியோர் உதவி எண் 14567. மகன்களுக்குச் சபையார் முதலில் ஒரு கடிதம் எழுதட்டும். பணம் அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்துவிடாது.


மௌனம்
புதன், பிற்பகல் 2.18

இந்த இழையை வாசித்ததிலிருந்து கை நடுங்குகிறது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

நேசிக்கக் கடினமானவர்களை நேசி என்ற பிரசங்கத்தைக் கேட்டுத்தான், அடித்துத் துரத்திய கணவரிடம் நான் மூன்று முறை திரும்பிப் போனேன். சிலுவை சுமக்கிறாய் என்றார்கள். நான்காவது முறை என் மகள் கண் முன்னால் என் கை உடைந்தது. பிறகுதான் 181 என்ற பெண்கள் உதவி எண்ணே எனக்குத் தெரிய வந்தது. அதைச் சொன்னது சபை இல்லை. மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு முஸ்லிம் அக்கா.

கடுகுவிதை அக்கா, உங்கள் நிலை வேறு என்று எனக்குத் தெரியும். படுக்கையில் இருக்கிற 81 வயது அம்மாவால் இப்போது உங்களை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் உங்களுக்குச் சொல்கிற பதிலை என்னைப் போன்ற ஒருத்தியும் எங்கோ இருந்து வாசிப்பாள். தயவுசெய்து அவளையும் மனதில் வைத்து எழுதுங்கள்.


பழைய உபதேசியார்
புதன், மாலை 6.45

மௌனம் என்கிற மகளே, உன்னைத் திருப்பி அனுப்பியவர்கள் கர்த்தரின் பெயரைச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். அவர்களைப் போன்றே பிரசங்க பீடத்தில் நின்றவன் என்ற முறையில் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நானும் சிலரை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் முகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன.

தாவீதும் சவுல் ராஜாவும் கடைசியாகச் சந்தித்த இடத்தை 1 சாமுவேல் 26-ல் எடுத்து வாசி. தூங்குகிற சவுலின் தலைமாட்டில் ஈட்டி குத்தி நிற்கிறது. ஒரே குத்தில் முடித்துவிடலாம். தாவீது தொடவில்லை. சவுல் விழித்து, "என் குமாரனாகிய தாவீதே, திரும்பி வா, இனி உனக்குப் பொல்லாப்புச் செய்யமாட்டேன்" என்கிறான். நாம் கேட்க விரும்புகிற மன்னிப்பு அது. தாவீது என்ன செய்தான்? ஈட்டியைத் திருப்பிக் கொடுத்தான், ஆனால் தானே கொண்டுபோகவில்லை. வாலிபரில் ஒருவன் இப்புறம் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்றான். பிறகு தன் வழியே போய்விட்டான். அரண்மனைக்குத் திரும்பவே இல்லை. அது தாவீதின் குறை என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. ஈட்டி எறிகிறவனுக்குத் தீங்கு நினைக்காமல் இருப்பது ஒன்று, அவன் சாப்பாட்டு மேசையில் மறுபடியும் போய் உட்காருவது வேறொன்று. இதை நான் நாற்பது வருஷம் முன்பே கற்றிருக்க வேண்டும்.


பனங்காடு
புதன், இரவு 8.10

தாமிரபரணிக் கரை அண்ணனுக்கு ஒரு வார்த்தை. மன்னிப்பும் சட்டமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு சிறுவர்களையும் ஜீப்பில் வைத்து எரித்தார்கள். அவர் மனைவி கிளாடிஸ் அம்மையார் மன்னித்துவிட்டேன் என்று சொன்னார். பாரிபதாவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தை விட்டுவிட்டு ஓடவில்லை. 2004 வரை அங்கேயே இருந்து பணி செய்தார். அதே வேளையில் வழக்கும் நடந்தது, தண்டனையும் விழுந்தது. கொலை செய்தவர்கள் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அவர் காத்திருந்திருந்தால், அந்த நோயாளிகளுக்குக் கட்டுப்போட யார் இருந்திருப்பார்கள்?


சிறுமலர் மகள்
வியாழன், காலை 7.25

நான் கத்தோலிக்கப் பெண். நீங்கள் திருவிருந்து என்பதை நாங்கள் நற்கருணை என்போம். சகோதரியின் தயக்கம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

எங்கள் புனிதர் குழந்தை இயேசுவின் தெரேசம்மாளைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். படத்தில் ரோஜாப் பூக்களோடு பார்த்துப் பார்த்து, அவர் எப்போதும் மென்மையாகவே இருந்தவர் என்று நினைத்துவிடுகிறோம். பிரான்சில் லிசியே நகரத்துக் கார்மல் மடத்தில் 1888-ல் சேர்ந்தபோது அவருக்கு 15 வயது. அங்கே 'புனித பேதுருவின் சகோதரி' என்ற துறவறப் பெயரோடு வயதான, நடக்க முடியாத கன்னியர் ஒருவர் இருந்தார். மாலைச் செபத்தின்போது தினமும் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் அவரை எழுப்பி உணவறைக்கு அழைத்துப்போக ஒருவர் வேண்டும். அவருக்கு எதுவும் பிடிக்காது என்று எல்லாருக்கும் தெரியும். தெரேசா தானாக முன்வந்தார். உள்ளுக்குள் விருப்பமில்லாமல்தான் முன்வந்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார்.

நேரம் ஆனதும் அந்த மூதாட்டி மணல் கடிகாரத்தை ஆட்டுவார். புறப்படு என்று பொருள். முக்காலியை ஒரு குறிப்பிட்ட விதமாகத் தூக்க வேண்டும். பின்னால் நின்று இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் தடுமாறினால், நீ வேகமாகப் போகிறாய், என் எலும்பை உடைக்கப் போகிறாய் என்பார். மெதுவாகப் போனால், உன் கை எங்கே, பிடியையே காணோமே, நான் விழப்போகிறேன், நீ சின்னப் பெண் என்று அப்போதே சொன்னேனே என்பார். உணவறையில் உட்கார வைத்து, அங்கியின் கைகளை அவர் விரும்பும் விதமாக மடித்துவிட வேண்டும். அத்தோடு வேலை முடிந்தது, போய்விடலாம்.

ஒருநாள் அந்தக் கோணிய கைகளால் ரொட்டியைத் துண்டு போட அவர் திணறுவதைத் தெரேசா கவனித்தார். அன்றிலிருந்து போவதற்கு முன்னால் ரொட்டியையும் நறுக்கிக் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை. நறுக்கிய பிறகு அவரைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டுப் போவாராம். மூதாட்டியின் மனம் அந்தப் பெண்மீது திரும்பியது அதற்குப் பிறகுதான்.

எனக்கு இதில் பிடித்தது ரொட்டி. கச்சையைப் பிடித்த கையில் அன்பு இருந்ததா என்று தெரேசா நின்று சோதித்துக்கொண்டிருக்கவில்லை. அந்த அம்மாவின் கைகளைப் பார்த்தார். சகோதரி, நீங்கள் உங்கள் மனதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒருமுறை அவருடைய வாயையும் கைகளையும் பாருங்கள். நான் தவறாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள்.


இரவுப்பணிச் செவிலி
வியாழன், காலை 8.50

சிறுமலர் மகள் சொன்னதைப் படித்ததும் உடனே எழுதுகிறேன், ஏனென்றால் இது அவசரம்.

கடுகுவிதை அக்கா, பெரியம்மா முதல் வாய் குடித்தபோது இருமினாரா? குரல் நனைந்தது போல, கரகரவென்று மாறியதா? பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவது கடினமாகிவிடும். கட்டியான உணவைவிடத் தண்ணீர் போன்றவைதான் ஆபத்து. நீர்த்த கஞ்சி தொண்டையில் வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மூச்சு அடைக்கும், நிமோனியாவும் வரும். அப்படி ஒருமுறை திணறியவர் கிண்ணத்தைப் பார்த்தாலே பயந்து தட்டிவிடுவார். பயம் என்று வாயால் சொல்ல மாட்டார். உப்பில்லை என்று சொல்லுவார். சிலருக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு நாக்கில் ருசியே மாறிவிடுவதும் உண்டு.

நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்த பிறகே கொடுங்கள். முகவாய் சற்றுக் குனிந்திருக்கட்டும். சிறிய கரண்டியில், வலது பக்கமாக. கெட்டியாக, கட்டியில்லாமல் மசித்துக் கொடுங்கள். இடது கன்னத்துக்குள் உணவு தங்கிவிடும், அவருக்கே தெரியாது, பாருங்கள். முடிந்த பிறகு அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ஒரு மருத்துவரிடம் விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். முதுகிலும் இடுப்பிலும் தோல் சிவந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் வரும். அந்த வலியோடு இருக்கிறவர் வாயிலிருந்து நல்ல சொல் வராது. திடீரென்று பேச்சு முன்பைவிட மோசமானால் சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம்.

எல்லாக் கடுஞ்சொல்லுக்கும் நோயே காரணம் என்று நான் சொல்லவில்லை. 1988-ல் அவருக்குப் பக்கவாதம் இல்லையே. ஆனால் இன்றைய கிண்ணத்தை அன்றைய முற்றத்தோடு சேர்த்துவிடாதீர்கள்.


கடுகுவிதை
வெள்ளி, இரவு 9.55

இருமினார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், வேண்டுமென்றே காட்டுகிற வெறுப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இன்று சோற்றைப் பருப்போடு குழைய மசித்துக் கொண்டுபோனேன். வாசலில் நின்று "பெரியம்மா" என்று சொல்லிப் பார்க்க நினைத்தேன். நாக்கு எழவில்லை. "சாப்பாடு" என்றே சொல்லிவிட்டு உள்ளே போனேன். தலையணைகளை அடுக்கி நிமிர்த்தி உட்கார வைத்தேன். பதினைந்து கரண்டி சாப்பிட்டார். இருமவில்லை. இடது கன்னத்தில் செவிலிச் சகோதரி சொன்னது போலவே கொஞ்சம் தங்கியிருந்தது; துணியால் துடைத்து எடுத்தேன். அவர் வாய்க்குள் விரல் விட்டுத் துடைக்கும்போது என் உடம்பு கூசியது. அன்பு வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அரை மணி நேரம் முற்றம் என் நினைவுக்கு வரவில்லை.

புறப்படும்போது, "உப்பு போதாது" என்றார்.

இடுப்பில் ஓர் இடம் சிவந்திருக்கிறது. சங்கத்து அக்காவிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார்.


தாமிரபரணிக் கரை
வெள்ளி, இரவு 11.20

சகோதரி, நான் சொன்ன நியாயத்தை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மகன்கள் வர வேண்டும். ஆனால் நான் அந்த அம்மாவைப் பற்றி எழுதும்போது, பசியோடு மூச்சுத் திணறிக்கொண்டு இருக்கிற ஒருவரைப் பற்றி எழுதுகிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வழக்கைப் பற்றி எழுதினேன். அதற்காக வருந்துகிறேன்.

மகன்களுக்கு எழுத வேண்டிய கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். உங்கள் பெயர் அதில் வேண்டாம், சேகரகுரு கையெழுத்திட்டால் போதும். பணத்தோடு நிறுத்தாமல், நிரந்தரமாக ஒரு ஆளை ஏற்பாடு செய்வதற்கும், ஆண்டுக்கு ஒருமுறை வந்து உடனிருப்பதற்கும் அவர்களைக் கேட்போம். மௌனம் சகோதரிக்கும் ஏதாவது சட்ட உதவி தேவைப்பட்டால் தனிமடலில் எழுதலாம்.


மௌனம்
சனி, காலை 10.05

நன்றி அண்ணா. எழுதுகிறேன். ஐயாவின் பதிலை நான்கு முறை வாசித்தேன். ஈட்டியை வாங்கிக்கொள்ள ஆள் வரட்டும் என்று தாவீது சொன்ன இடம் என் கண்ணில் இதுவரை பட்டதே இல்லை.


கடுகுவிதை
செவ்வாய், இரவு 10.15

மருத்துவர் வந்து பார்த்தார். விழுங்குவதில் சிரமம் இருப்பது உண்மைதான். நீர்த்த ஆகாரம் எதுவும் வேண்டாம் என்றார். புண் வராமல் இருக்க ஏர் பெட் வாங்கச் சொன்னார். சென்னை மகன் தொலைபேசியில் சரி என்றிருக்கிறார். அடுத்த மாதம் வருவதாகவும் சொன்னாராம்.

இன்று அவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது சறுக்கிவிட்டார். கட்டில் ஓரத்துக்குச் சரிந்துவிட்டார். நான் இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டு, "பெரியம்மா, வலது கையை என் தோளில் போடுங்கள், பெரியம்மா, இறுக்கிப் பிடியுங்கள்" என்றேன். போட்டார். பிடித்தார். அந்தக் கையில் இன்னும் எவ்வளவு பலம் இருக்கிறது! நிமிர்த்தி உட்கார வைத்து, உணவு கொடுத்து, பாத்திரம் கழுவிவிட்டுத் தெருமுனைக்கு வந்த பிறகுதான் நான் என்ன சொல்லி அழைத்தேன் என்பது எனக்கே உறைத்தது. அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. முகத்தில் எதுவும் தெரியவில்லை.

பழையதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பேனா என்று எனக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு எழுந்து போனேன், ஐயா.

செவிலிச் சகோதரிக்கு ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமைக்குக் கேழ்வரகுக் கூழ் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கொடுக்கலாமா?


இரவுப்பணிச் செவிலி
செவ்வாய், இரவு 11.40

கொடுக்கலாம் அக்கா. மோர் ஊற்றிக் கரைக்காதீர்கள். கரண்டியில் எடுத்தால் ஒழுகாமல் நிற்கிற பதத்துக்குக் கிண்டுங்கள், கட்டி தட்டக் கூடாது. உப்பைக் கொஞ்சம் கூட்டலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம் இருக்கும். முடியாது என்றால் துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நாக்குக்குத் தெரியும்.